புதுப்பிப்பு: தே தாரிக் கொட்டிய ஹாட்ஸ்வாப் கீபோர்டு

ஒட்டும் கீகளைச் சுத்தம் செய்ய 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும் என்று முன்பு சொல்லியிருந்தேன். அந்த முறை தூசுக்கும் விரல் பிசுக்குக்கும் போதும். சீனியும் பாலும் சேர்ந்த தேநீரான தே தாரிக்குக்குப் போதாது. சீனி ஆல்கஹாலில் சரியாகக் கரையாது. காய்ந்ததும் கீ மறுபடி ஒட்டும்.

ஆகவே முதலில் தண்ணீர். வயரைப் பிடுங்கிவிட்டு, ஒட்டும் கீகளின் ஸ்விட்சுகளை, அதாவது கீகேப்புக்கு அடியில் அமுக்கத்தைப் பதிவுசெய்யும் சிறு பெட்டிகளை, கழற்றுங்கள். ஹாட்ஸ்வாப் கீபோர்டில் சால்டரிங்கை அவிழ்க்காமலே அவை கழன்று வரும். வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் 10 நிமிடம் ஊறவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஸ்விட்சின் தண்டை (கீகேப் மாட்டும் பகுதியை) 30, 40 தடவை அமுக்குங்கள். பழுப்பாகக் கசியும், தெளிவாகும்வரை தண்ணீரை மாற்றுங்கள். அதன்பிறகுதான் ஆல்கஹால்: உள்ளே நிற்கும் ஈரத்தைச் சேர்த்துக்கொண்டு ஆவியாகிவிடும். எழுத்து அச்சடித்த கீகேப்பில் மட்டும் அது படவேண்டாம், அழிந்துவிடும். அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்பே நல்லது.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் ஒரு ராத்திரி காயவைத்தால் பத்தாது. ஏர்கான் அறையில், மின்விசிறிக்கு நேரே, முழுசாக 24 மணி நேரம். ஹேர் ட்ரையர் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்.

அதற்குப் பிறகும் ஒரே அமுக்கில் இரண்டு எழுத்து விழுந்தால், பெரும்பாலும் ஸ்விட்சுக்குள்ளே மின்தொடர்பு தரும் உலோகத் தொடுதகடு அரித்திருக்கும். அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றுங்கள். இரண்டு உலோகக் கால்களோடு நடுக்கால் ஒன்று உள்ளது 3 பின் வகை; கூடுதலாக இரு பிளாஸ்டிக் கால்கள் உள்ளது 5 பின் வகை. 5 பின் வகைதான் கிடைத்ததா? அந்தக் கூடுதல் பிளாஸ்டிக் கால்கள் இரண்டையும் நறுக்கினால் 3 பின் ஸ்விட்சுக்கான கீபோர்டு பலகையிலும் உட்காரும்.