கூம்பு நத்தை நச்சுத் தரவில் ‘ஓ’ எழுத்துச் சிக்கல்: உதவி தேவை

வணக்கம். கோனோசர்வர் தரவுத்தளத்திலிருந்து கூம்பு நத்தை நச்சுப் பெப்டைடுகளை (குட்டிப் புரதங்களை) எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இரண்டு இடத்தில் சிக்கிக்கொண்டேன்.

முதலாவது, ஹைட்ராக்ஸிபுரோலின், அதாவது ஹைட்ராக்ஸில் தொகுதி ஏறிய புரோலின் அமினோ அமிலம். கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற கூம்பு நத்தையின் ஜிஐஐஐஏ நச்சில் 22 அமினோ அமிலங்கள். அதில் மூன்று புரோலின்கள் ஹைட்ராக்ஸில் ஏறியவை. அமினோ அமில வரிசையை ஓரெழுத்துக் குறிகளால் எழுதும்போது நச்சு ஆய்வாளர்கள் அதை ‘ஓ’ (O) என்று எழுதுவது வழக்கம். ஆனால் பொது விதிப்படி ‘ஓ’ என்றால் பைரோலைசின் என்ற வேறொரு அமினோ அமிலம்! வரிசை ஒப்பிடும் மென்பொருள் பாவம், என்ன செய்யும்? எல்லாவற்றையும் ‘பி’ (P, சாதாரண புரோலின்) என மாற்றிவிட்டால் ஓடுகிறது, ஆனால் எந்த இடத்தில் மாற்றம் இருந்தது என்ற தகவல் போய்விடுகிறது. அதைத் தனிக் கோப்பில் வைத்துப் பிறகு சேர்க்க எளிய பைதான் வழி யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், சிஸ்டீன் அமைப்பு 6/7-ஐ (பெப்டைடில் சிஸ்டீன் அமினோ அமிலங்கள் அமைந்திருக்கும் ஒரு வகை ஒழுங்கு) வைத்துத் தேடினால் ஓ1, ஓ2 மரபணுக் குடும்பங்கள் கலந்து வருகின்றன. குடும்பத்தைப் பிரிப்பது முன்னோடிப் புரதத்தின் (நச்சாக வெட்டப்படுமுன் உள்ள முழுப் புரதம்) சிக்னல் பகுதி என்பதால், முதிர்ந்த பெப்டைடு (வெட்டிய பின் மிஞ்சும் நச்சு) மட்டுமே உள்ள பதிவுகளை எதில் சேர்ப்பது? விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.