பொருள்: காக்டெய்லுக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்குள்ள வேணும்

லாஸ்பேட்டை எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். கேட்டரிங் படிக்கிற பசங்களுக்கு ஒரு கையேடு தமிழாக்கம் பண்ணிட்டு இருக்கேன், அதிகம் பேர் கேள்விப்படாத, வீட்லயே கலந்துக்கக்கூடிய காக்டெய்ல்ஸ் பத்தி. மார்ட்டினி, மொஹிதோ கிடையாது. லாஸ்ட் வேர்ட், ஹேங்கி பேங்கி, ஜங்கிள் பேர்ட், டி பஞ்ச் இந்த வகையறா. தலைப்புல 'கலப்பு மது'ன்னு போட்டேன், ப்ரூஃப் பாத்தவர் கலப்பட மதுவான்னு கேக்கறார். வெள்ளிக்கிழமை ஃபைல் போகணும், கை கொடுங்க.

வில்லியனூர்:
கலவைத்தேறல். தேறல்னா சங்க காலத்து மது. இதுக்கு மேல யோசிக்கவே வேணாம். புறநானூறு 56-ல நக்கீரர் 'யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்'னு பாடிட்டார், அந்த யவனர் ஜாடி ஓடுங்க 1945-ல தொல்லியல் ஆய்வாளர் வீலர் புதுச்சேரி பக்கத்துல அரிக்கமேட்டுல தோண்டினப்ப கிடைச்சுது, அதாவது நம்ம வாசல்லயே. சிறுபாணாற்றுப்படைல எயிற்பட்டினத்து நுளைமகள், அதாவது மீனவப் பொண்ணு, 'அரித்த பழம்படு தேறல்' வருது, எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம்னுதான் சொல்றாங்க. இவ்ளோ சொத்து வெச்சிக்கிட்டு இங்கிலீஷ்காரன் கிட்ட சேவல் வால கடன் வாங்கணுமா?

மஞ்சக்குப்பம்:
ஐயா, தேறல்னா தெளிஞ்சது. லாஸ்ட் வேர்ட் எங்க தெளியும்? ஜின், பச்சை ஷார்ட்ரூஸ் (மூலிகை மது), மராஸ்கினோ (செர்ரி மது), எலுமிச்சைச் சாறு நாலும் சமம், தலா 22 மில்லி, ஐஸ் போட்டு குலுக்கினா வெளிறின பச்சையா மூட்டம் போட்டு நிக்கும். ஜங்கிள் பேர்டும் அப்படித்தான், 1970-கள்ல கோலாலம்பூர் ஹில்டன்ல வந்தது, ரம், கம்பாரிங்கற கசப்பு மது, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரைப் பாகு. அன்னாசிய குலுக்கினா மேல நுரை கட்டிக்கும். ஹேங்கி பேங்கிதான் உங்க தேறல், ஏன்னா அதுல சாறே இல்ல. ஜினும் இனிப்பு வெர்மூத்தும் (மூலிகை சேர்த்த ஒயின்) சமமா, ஃபெர்னெட் பிராங்காங்கற கசப்பு மூலிகை மது ரெண்டு டேஷ், ஸ்பூனால கலக்கினா போதும், குலுக்கக் கூடாது. அப்ப அது தேறல், மத்ததெல்லாம் கலங்கலா? (கடலூர்க்காரனுக்கு இதெல்லாம் படிக்கத்தான் லாயக்கு, வாங்கணும்னா முள்ளோடை எல்லை தாண்டி புதுச்சேரிக்கு வரணுமே.)

அரியாங்குப்பம்:
நடுவுல ஒண்ணு. 'அரித்த'ன்னு வருதே, அந்த அரி-யிலிருந்துதான் அரக்கு, அதான் அரபு நாடு போயி அரக் ஆச்சு. பஞ்ச்ங்கறதும் நம்ம பக்கத்து சரக்குதான், அஞ்சு பொருள் சேர்றதால. அப்ப ஐங்கலவைன்னு வெச்சா

மஞ்சக்குப்பம்:
அரபியில அரக்னா வேர்வை. காய்ச்சி வடிக்கும்போது முத்து முத்தா வேர்க்குதுல்ல, அதுலேருந்து வந்தது. பஞ்ச் அஞ்சுலேருந்து வந்ததுன்னு ரொம்ப பேர் சொல்றாங்க, ஆனா டி பஞ்ச்ல இருக்கறதே மூணு.

முத்தியால்பேட்டை:
முதல்ல அது டி பஞ்ச் இல்ல, தி போன்ஷ். எங்க வீடு சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளக் குடும்பம், சித்தப்பா கரீபியன் தீவு மார்த்தினிக்ல டூட்டி பாத்தவர், அதனால இத விடமாட்டேன். கரும்புச் சாறுலேருந்து நேரா வடிச்ச வெள்ளை ரம், ஒரு சின்ன துண்டு எலுமிச்சை, கரும்புப் பாகு, அவ்ளோதான். ஐஸ் கேட்டா முறைப்பாங்களாம். அங்க ப்வா லேலேன்னு ஒரு குச்சி உண்டு, நுனியில நாலஞ்சு கிளை பிரிஞ்சிருக்கும், ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டுவாங்க. நம்ம மத்தேதான்! 1853-லேருந்து நம்மாளுங்க அங்க கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல போனாங்க, ஆனா மத்து அவங்களோட போச்சுன்னு யாரும் உடனே கிளம்பாதீங்க. நான் சொல்ல வந்தது, அந்த வேலைக்கு கலக்குன்னு போடாம 'கடை'ன்னு போடுங்க.

அரியாங்குப்பம்:
மத்து அவங்களோட போயிருக்கலாமே?

லாஸ்பேட்டை:
அக்கா, கடைய எடுத்துக்கறேன். வடிகட்டறதுக்கு நுளைமகளோட 'அரி'. ஷேக்குக்கு குலுக்கு, ஸ்டிர்ருக்கு கலக்கு. தலைப்பு மட்டும் சொல்லுங்க ப்ளீஸ், நாளைக்கு வெள்ளி.

மஞ்சக்குப்பம்:
காக்டெய்ல்னே விடுங்க. இந்தப் பசங்க நாளைக்கு பார்ல நின்னு 'சார் கலவைத்தேறல் வேணுமா'ன்னா கஸ்டமர் பில்லு கேட்டுட்டு எழுந்து போயிடுவான். வினையெல்லாம் தமிழ்ல இருக்கு, பேரு மட்டும் ஊர் சொல்ற பேரா இருந்துட்டுப் போகட்டும்.

முத்தியால்பேட்டை:
எனக்கும் அதுவே. தூக்கம் வருது.

அரியாங்குப்பம்:
ஐங்கலவைய பின்னிணைப்புலயாவது போடுங்க. மத்தபடி சரி.

வில்லியனூர்:
இன்னிக்கு பேர விட்டீங்க, நாளைக்கு வினையும் போகும். என் எதிர்ப்ப பதிவு பண்ணிக்கறேன். போகட்டும், டேஷுக்கு என்ன போட்டிருக்கீங்க?

லாஸ்பேட்டை:
சொட்டு.

வில்லியனூர்:
தப்பு. சொட்டு தானா விழறது. டேஷ், பாட்டில உதறினாத்தான் விழும், அளவும் கூட, கிட்டத்தட்ட ஒரு மில்லி வரும். 'ரெண்டு உதறல்'னு போடுங்க.

மஞ்சக்குப்பம்:
உதறல் மறுநாள் காலைல வர்றதுங்க ஐயா.