தெரு நலக் குழு: கொசுப்புழுவும் வேப்பெண்ணெயும்

மீனாட்சி: எல்லோருக்கும் வணக்கம். பின்தெருவில் இரண்டு குழந்தைகளுக்கு டெங்கு உறுதியாகியிருக்கிறது. வாசல்தோறும் நொச்சியும் துளசியும் வைத்தால் கொசு அண்டாது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரிதானா, சுந்தரம் ஐயா?

சுந்தரம் (தாவரவியல் ஆசிரியர், ஓய்வு): நொச்சி நல்ல செடிதான், அம்மா. சென்னை மாநகராட்சியே முன்பு அதன் கன்றுகளை வழங்கியதுண்டு. ஆனால் இலையைக் கசக்கினாலோ புகை போட்டாலோதான் அதன் வாசம் கொசுவை விரட்டும். சும்மா நிற்கும் செடியை நம்பிக் குழந்தைகளை விட்டுவிட முடியாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டிலேயே தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தொடங்கி, பகலிலேயே கடிப்பது. அதைப் புழுவாக இருக்கும்போதே ஒழிக்க வேண்டும். அதற்குத்தான் வேப்பெண்ணெய் உதவும்.

ரஃபீக்: எங்கள் அடுக்ககத்தின் லிஃப்ட் குழியில் ஊறும் தண்ணீரை முழுதாக இறைக்க முடியவில்லை, ஐயா. அங்கே வேப்பெண்ணெயை அப்படியே ஊற்றலாமா?

சுந்தரம்: அப்படியே ஊற்றினால் தனியாக மிதக்கும், தம்பி. சோப்புக் கரைசலில் கலந்து, பால்போல் வெளுக்கும் வரை அடித்துத் தெளியுங்கள். வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள் புழுவைத் தோலுரிக்க விடாமல் தடுப்பதால், அது கூட்டுப்புழுவாக மாறாமலே மடியும். ஆகையால் அன்றைக்கே சாகவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். வெயில் பட்டால் வீரியம் சில நாட்களிலேயே குறைந்துவிடும் என்பதால், திறந்த இடங்களில் மறுபடியும் மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும்.

செல்வி: எங்கள் தாமரைத் தொட்டியில் கப்பி மீன்கள் இருக்கின்றன. அதிலும் தெளிக்கலாமா, ஐயா?

சுந்தரம்: வேண்டாம், செல்வி. வேப்பெண்ணெய் மீன்களுக்கு ஆகாது. புழுக்களைக் கப்பிகளே தின்றுவிடும். குடிநீர்த் தொட்டியிலும் கலக்கவே கூடாது. அதை இறுக மூடி வைப்பதுதான் வழி. குடம், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பூச்சட்டித் தட்டு ஆகியவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை; வாரம் ஒருமுறை கொட்டிவிட்டு, உட்சுவரை நாரால் அழுத்தித் தேயுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும்.

மீனாட்சி: நன்றி, ஐயா. ஞாயிறு காலை எல்லோரும் அவரவர் வீட்டுத் தொட்டிகளைத் தேய்த்துவிடுவோம். ரஃபீக் தம்பி, லிஃப்ட் குழிக்கு நான் வேப்பெண்ணெய் வாங்கி வருகிறேன். இறங்குவதற்கு முன் லிஃப்டின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.