8 இன்ச் ப்ராப்பைக் கழற்றி 10 இன்ச் போட்டேன், ட்ரோன் நடுங்குகிறது. அவசர உதவி!

மாந்தோப்பு_காவேரி | வெள்ளி இரவு 9.12
அண்ணன்களுக்கு வணக்கம். என் ட்ரோனில் 8 இன்ச் ப்ராப் (ப்ரொப்பெல்லர், சுழலும் விசிறி) இருந்தது. பெரிய ப்ராப் போட்டால் கூடுதல் நேரம் பறக்கும், கேமராவையும் சுலபமாகத் தூக்கும் என்றார்கள். 10 இன்ச் வாங்கி இன்று மாட்டினேன். தரையை விட்டு எழுந்ததுமே கிடுகிடுவென்று நடுங்குகிறது. முன்பு 7 நிமிடம் பறந்தது, இப்போது 4 நிமிடத்திலேயே பேட்டரி அலாரம் அடிக்கிறது. இறக்கிய பிறகு மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. திங்கள்கிழமை தோப்பில் காய் பறிக்க ஆள் வருகிறார்கள். அதற்குள் மேலிருந்து ஒரு முறை படம் எடுத்து அப்பாவிடம் காட்டியாக வேண்டும். என்ன செய்வது?

பர்கூர்_மாணவன் | 9.20
அண்ணா, எந்த ஃப்ரேம்? என்ன மோட்டார்? ட்ரோனைச் சமநிலையில் வைக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் எது?

பென்னாகரத்தான் | 9.24
பேட்டரி எத்தனை செல்? கேமராவோடு மொத்த எடை எவ்வளவு? எத்தனை மணிக்குப் பறக்கவிட்டீர்கள்? மதிய வெயில் என்றால் காரணம் அதுதான்.

பழைய_பைலட் | 9.31
உதவி கேட்டு வருபவர் முதலில் மோட்டாரின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். “10 இன்ச் போட்டேன், நடுங்குகிறது” என்பது டாக்டரிடம் போய் “வலிக்கிறது” என்று மட்டும் சொல்வதைப் போல. ப்ராப் அளவு என்பது சட்டை அளவு அல்ல, ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் போட்டுக்கொள்வதற்கு. மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி, பேட்டரி, ப்ராப் நான்கும் ஒரே கணக்கு. இதை இங்கே பலமுறை எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

அரூர்_அக்கா | 9.40
தம்பி, புது ப்ராப்போடு ஒரு சின்ன பாக்கெட்டில் பிளாஸ்டிக் வளையங்கள் வந்திருக்குமே, அதை நடுத்துளையில் போட்டீர்களா?

மாந்தோப்பு_காவேரி | 9.58
எஃப்450 ஃப்ரேம். 2212 மோட்டார். 3எஸ் (மூன்று செல்) 2200 பேட்டரி. ஈஎஸ்சி 30 ஆம்பியர். மாலை 5 மணிக்குத்தான் பறக்கவிட்டேன், வெயில் இல்லை. எடை போடவில்லை.

பர்கூர்_மாணவன் | 10.01
2212இல் எத்தனை கேவி? 920, 1000, 1400 எல்லாம் அதே உருவத்தில்தான் வருகின்றன.

சால்டர்_கை | 10.05
ஈஎஸ்சி கேலிப்ரேஷன் செய்யாமல் விட்டிருப்பீர்கள். ப்ராப் மாற்றினால் நான் எப்போதும் செய்துவிடுவேன். நான்கும் த்ராட்டிலை, அதாவது ரிமோட்டின் வேகக் குச்சியை, ஒரே இடத்தில் புரிந்துகொண்டால்தான் ஆட்டம் நிற்கும். ஆனால் ப்ராப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். போன வருடம் மேஜை மேல் வைத்துச் செய்தபோது என் கட்டை விரல் கிழிந்து நான்கு தையல்.

பழைய_பைலட் | 10.09
நேற்று வரை நன்றாகப் பறந்த ட்ரோன். ஈஎஸ்சி தானாகக் கேலிப்ரேஷனை மறக்காது. எதற்கெடுத்தாலும் அதையே சொல்லாதீர்கள். கேவி வரட்டும்.

மாந்தோப்பு_காவேரி | 10.22
டார்ச் அடித்துப் பார்த்தேன். 1400 என்று இருக்கிறது.

பழைய_பைலட் | 10.41
அப்படி வாருங்கள். இப்போது பேசலாம்.

1400 கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், நிமிடத்துக்கு 1400 சுற்று. 3எஸ் பேட்டரியின் 11.1 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 15,500 சுற்றுக்கு மேல். 1000 கேவி மோட்டார் அதே பேட்டரியில் 11,100. உங்கள் மோட்டார் வேகமாகச் சுற்றுவதற்காகச் சுற்றப்பட்டது, சின்ன ப்ராப்புக்கானது. 3எஸ்ஸில் அதற்கு 8 இன்ச் சரியான ஜோடி. 10 இன்ச்சுக்கு 920 அல்லது 1000 கேவி.

உங்கள் பழைய ப்ராப்பில் 8045 என்றும் புதியதில் 1045 என்றும் இருக்கும். கடைசி 45 என்பது பிட்ச், ஒரு சுற்றுக்கு 4.5 இன்ச் முன்னேறும் என்ற கணக்கு. அது மாறவில்லை, விட்டம்தான் மாறியிருக்கிறது. ஒரே வேகத்தில் சுற்றினால் தூக்கும் விசை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், பேட்டரியிலிருந்து இழுக்கும் சக்தி ஐந்தாம் அடுக்கில் ஏறும். 8இலிருந்து 10 என்றால் விசை சுமார் 2.4 மடங்கு, சக்தி சுமார் 3 மடங்கு. த்ராட்டிலை மேலே தள்ளும் அந்த நொடியில் மோட்டார் தாங்கும் ஆம்பியரைத் தாண்டிவிடும். காப்பர் கம்பியின் வார்னிஷ் கருகும். சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்க ஆரம்பிக்கும், அப்படிப் போன வலு திரும்பி வராது. விரல் வைக்க முடியாத சூடு என்றால் விளையாட்டில்லை. இனி அந்த ப்ராப்போடு எழுப்ப வேண்டாம்.

பர்கூர்_மாணவன் | 10.58
சார் சொன்னது ஃபுல் த்ராட்டிலுக்குச் சரி. ஆனால் காவேரி அண்ணன் ஹோவரில்தானே நிறுத்தியிருப்பார்? அதே எடையை அந்தரத்தில் நிறுத்த 10 இன்ச் ப்ராப், 8 இன்ச் சுற்றிய வேகத்தில் 64 சதவீதம் சுற்றினாலே போதும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும். கணக்குப்படி ப்ராப்புக்குப் போகும் சக்தி 20 சதவீதம் குறைய வேண்டும். அண்ணனிடம் யாரோ சொன்னதும் பொய்யில்லை. மோட்டாரின் முறுக்குவிசை கால் பங்கு கூடும், அதனால் கொஞ்சம் கூடுதல் சூடு வரும். 7 நிமிடம் 4 ஆனதற்கு அது போதாது.

என் சந்தேகம் பிஐடி, அதாவது ட்ரோன் சாய்ந்தால் கன்ட்ரோலர் எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்ற அமைப்பு. 8 இன்ச்சுக்கு வைத்த பி மதிப்பு அப்படியே இருக்கிறது. பெரிய ப்ராப் ஒரே தட்டலில் கூடுதல் விசை கொடுக்கும், ஆனால் கனமானது, வேகம் மாற நேரம் எடுக்கும். கன்ட்ரோலர் இந்தப் பக்கம் திருத்தும், அது அதிகமாகிவிடும், உடனே அந்தப் பக்கம் திருத்தும். நொடிக்குப் பலமுறை மோட்டார் ஏறி இறங்கினால் கரண்டெல்லாம் சூடாகத்தான் போகும். எங்கள் காலேஜ் புராஜெக்ட்டில் இதேபோல் வந்தது. ரோல் (பக்கவாட்டுச் சாய்வு), பிட்ச் (முன்பின் சாய்வு) இரண்டிலும் பி மதிப்பை 30 சதவீதம் குறைத்ததும் அடங்கிவிட்டது.

பென்னாகரத்தான் | சனி காலை 6.50
நீங்கள் என்ன சொன்னாலும் காற்றை மறந்துவிட்டீர்கள். இந்தச் சித்திரையில் மாலை 5 மணிக்கும் எங்கள் ஏரிக்கரையில் அனல் அடிக்கிறது. சூடான காற்று லேசானது. லேசான காற்றில் ப்ராப் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். அதே பேட்டரி விடியற்காலையில் ஒரு நிமிடம் கூடுதலாக வருவதை நானே பார்க்கிறேன்.

ஓசூர்_எஃப்பிவி | 7.15
வெயிலைவிட உயரம் முக்கியம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். சென்னையில் டியூன் செய்து கொண்டுவந்த என் ட்ரோன் இங்கே த்ராட்டில் அதிகம் கேட்டது.

பென்னாகரத்தான் | 7.22
ஓசூரில் குளிரும் இருக்கிறது, சரியாகிவிடும். தர்மபுரி வெயிலில் நின்று பாருங்கள், தெரியும்.

ஓசூர்_எஃப்பிவி | 7.30
குளிர் எல்லாம் பத்து வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது இங்கேயும் மின்விசிறி இல்லாமல் தூங்க முடியவில்லை.

பர்கூர்_மாணவன் | 7.48
கணக்கு இதோ. கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர். அங்கிருந்து ஓசூர் உயரத்துக்குப் போனால் காற்றின் அடர்த்தி சுமார் 4 சதவீதம் குறையும். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 6 சதவீதம் குறையும். பென்னாகரம் அண்ணன் பக்கம் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருக்கிறது. ஆனால் 6 சதவீதத்துக்கு யார் ட்ரோனும் நடுங்காது.

பழைய_பைலட் | 8.05
வானிலை அறிக்கையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மோட்டார் எரிந்துகொண்டிருக்கிறது.

ஓசூர்_எஃப்பிவி | 8.11
போகிற போக்கில் ஒன்று. எஃப்450இல் அடுத்தடுத்த மோட்டார்களுக்கு இடையே சுமார் 318 மில்லிமீட்டர்தான். 10 இன்ச் 254, இடைவெளி தாராளம். “பெரிது நல்லது” என்று அடுத்து 12 இன்ச்சுக்குப் போய்விடாதீர்கள். அது 305 மில்லிமீட்டர், மிச்சம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. அந்த பிளாஸ்டிக் கை கொஞ்சம் வளைந்தாலே ப்ராப்பும் ப்ராப்பும் மோதும்.

அரூர்_அக்கா | 9.20
காவேரி தம்பி, நேற்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை, வெயில் பேச்சில் அது அடிபட்டுப் போய்விட்டது. திரும்பவும் கேட்கிறேன்.

இந்த விலை குறைந்த 1045 ப்ராப்களில் நடுத்துளை பெரிதாக இருக்கும். எந்த மோட்டாருக்கும் பொருந்தட்டும் என்று வெவ்வேறு உள்துளை கொண்ட வளையங்களைத் தனியாகக் கொடுப்பார்கள், கம்மல் திருகாணி அளவில்தான் இருக்கும். ப்ராப்பை மாட்டும் அடாப்டர் தண்டில் ஆடாமல் உட்காரும் வளையத்தைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பின் அடிப்பக்கக் குழியில் அழுத்திவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வளையம் இல்லாமலும் நட்டு இறுகிவிடும், கையால் ஆட்டிப் பார்த்தாலும் உறுதியாகவே தெரியும். ஆனால் ப்ராப் மையத்தில் இருக்காது, அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் தடவை சுற்றும்போது அந்த அரை மில்லிமீட்டர் ஃப்ரேமையே உலுக்கும். கன்ட்ரோலரின் சென்சார் அந்த அதிர்வை ட்ரோன் சாய்வதாக நினைத்து மோட்டார்களை விரட்டும். சூடு, பேட்டரி, நடுக்கம் மூன்றும் அங்கிருந்தே வரலாம்.

சோதிப்பது சுலபம். பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ப்ராப் நுனிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்தி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு நுனியும் ஸ்கேலிலிருந்து ஒரே தூரத்தில் கடக்க வேண்டும். ஒன்று உரசி, மற்றது விலகிப் போனால் மையம் தவறியிருக்கிறது. அப்படியே எழுத்து அச்சடித்த பக்கம் மேலே இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சால்டர்_கை | 9.34
இதை நான் யோசிக்கவே இல்லை அக்கா. மையம் சரியாக இருந்தாலும் பேலன்ஸ் பார்க்க வேண்டும். லேசான இறக்கையில் செல்லோடேப் துண்டு ஒட்டினால் போதும்.

மாந்தோப்பு_காவேரி | மதியம் 1.05
அக்கா, பாக்கெட்டைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். வளையங்கள் உள்ளேயே இருக்கின்றன. நான்கிலும் போடவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் பின்பக்கம் இடது மோட்டாரில் ஒரு நுனி உரசுகிறது, இன்னொரு நுனிக்கு நடுவே போஸ்ட் கார்டு நுழைகிறது. வளையம் போட்டுவிட்டு மாலை எழுதுகிறேன்.

பழைய_பைலட் | 1.20
அக்கா கேட்டது நல்ல கேள்வி. அதற்காக 1400 கேவி 1000 ஆகிவிடாது. இடுப்பு உயரத்தில் ஒரே நிமிடம். முழு த்ராட்டில் கூடவே கூடாது.

பென்னாகரத்தான் | 1.32
தோப்பு எந்தப் பக்கம்? பறக்கும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் ட்ரோன் வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். பச்சை மண்டலம் என்றால் 120 மீட்டர் வரை அனுமதி. 250 கிராமுக்கு மேல் என்பதால் பதிவெண் வேண்டும். சொந்தப் பொழுதுபோக்குக்கு 2 கிலோ வரை பைலட் லைசென்ஸ் தேவையில்லை.

ஓசூர்_எஃப்பிவி | 1.40
எங்கள் பக்கம்தான் சிக்கல், பேளகொண்டப்பள்ளியில் விமான ஓடுதளம் இருக்கிறது.

மாந்தோப்பு_காவேரி | இரவு 8.47
நடுக்கம் போய்விட்டது. லேசான ஆட்டம் மிச்சமிருந்தது, பி மதிப்பைக் குறைத்ததும் அதுவும் நின்றது. ஒரு நிமிடம் ஹோவர் செய்து இறக்கினேன், மோட்டாரில் விரல் வைக்க முடிகிறது. பிறகு நப்பாசையில் கொஞ்சம் வேகமாக மேலே ஏற்றினேன், மறுபடியும் கொதிக்கிறது. பைலட் சார் சொன்னதும் சரிதான். 8 இன்ச்சைத் திரும்ப மாட்டிவிட்டேன். 1000 கேவி நான்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.

பர்கூர்_மாணவன் | 9.02
1000 கேவி வந்ததும் இதே 1045இல் எத்தனை நிமிடம் வருகிறது என்று எழுதுங்கள் அண்ணா. 8 இன்ச்சுக்குத் திரும்பியதால் பி மதிப்பைப் பழையபடி ஏற்ற மறக்காதீர்கள்.

பென்னாகரத்தான் | 9.10
காலை 6 மணிக்குப் பறக்கவிடுங்கள். இதை மட்டும் கேளுங்கள்.

அரூர்_அக்கா | திங்கள் இரவு 7.30
தம்பி, படம் எடுத்தீர்களா?

மாந்தோப்பு_காவேரி | புதன் காலை 6.15
எடுத்தேன் அக்கா, ஞாயிறு காலை 6 மணிக்கு. 6 நிமிடம் வந்தது. கிழக்கு வேலியோரம் நான்கு பெங்களூரா மா மரங்களின் உச்சி காய்ந்திருப்பது கீழிருந்து தெரியவே இல்லை, படத்தில்தான் தெரிந்தது. அப்பா இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கடப்பாரையோடு வேரைப் பார்க்கப் போனார். மோட்டார் இன்னும் வரவில்லை.