ஒரே மீட்டரில் மூன்று குடும்பம்: மேல்முறையீடு செய்து வென்றவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

சேலம் நண்பர்களுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அம்மா வீட்டிலிருந்தே வெள்ளிக் கொலுசுக்கு மணி கோக்கும் வேலை செய்கிறார். சொந்த நிலமோ காரோ எங்களுக்குக் கிடையாது. அப்பா இறந்து 6 வருஷம் ஆகிறது. ஆனாலும் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிட்டது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கிறோமாம்.

உண்மை என்னவென்றால், நாங்கள் இருப்பது வாடகை வீடு. ஒரே மீட்டரில் மூன்று குடும்பங்கள். மூன்று வீட்டு விளக்கும் விசிறியும் ஒரே கணக்கில்தான் ஏறுகிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் மூன்று வீடு பங்குபோட வேண்டியிருக்கிறது. தனி வீடு வைத்திருப்பவருக்கு முழுசாகக் கிடைப்பது வாடகைக்காரருக்குக் கிடைப்பதில்லை. இது எந்த வகையில் நியாயம்? மாதம் 1,000 ரூபாய் என்பது அம்மாவுக்கு மருந்துச் செலவு. விதி போட்டவர்கள் இப்படி ஒண்டுக்குடித்தனம் இருப்பவர்களை நினைத்துப் பார்க்கவே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று தெரியும். இன்னும் 11 நாள்தான் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இல்லை. மற்ற இரண்டு குடும்பங்களின் ரேஷன் அட்டையில் இதே முகவரி இருக்கிறது, அது ஆதாரமாக எடுபடுமா? இதே காரணத்தால் தள்ளுபடியாகி, பிறகு தொகை கிடைத்தவர்கள் என்ன காகிதம் கொடுத்தீர்கள்? அப்புறம், தனி மீட்டருக்கு வீட்டுக்காரர் சம்மதிக்க மறுத்தால் வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.