ஒரே சிம்மில் ஐரோப்பா முழுக்க? நடுவில் சுவிட்சர்லாந்து இருக்கிறது

பாரிஸ், பாசல், சூரிக், வியன்னா, புடாபெஸ்ட் என்று அப்பா அம்மாவோடு ரயிலிலேயே சுற்றிவிட்டு வந்தோம். போன் விஷயத்தில் பட்டதை எழுதுகிறேன், அடுத்து கிளம்புகிறவர்களுக்குக் கட்டாயம் உதவும்.

பாரிஸில் கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்தில் லா ஷப்பல் என்று ஒரு பகுதி. தெரு முழுக்க ஈழத்தமிழர் கடைகள், காய்கறிக் கடையிலிருந்து புடவைக் கடை வரை எல்லாம் உண்டு. சிம் வாங்க அங்கேதான் போனோம். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்துகொண்டே கடைக்கார அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "சுவிசுக்கும் போறியளோ தங்கச்சி? அங்க இது வேலை செய்யாது. இப்பவே சொல்லிப்போட்டன்." விற்கிற பொருள் எங்கே ஓடாது என்பதை விற்பதற்கு முன்பே சொன்ன அந்த மனிதரை மறக்க முடியாது. பேக்கில் போட்டிருக்கும் மொத்த ஜிபியும் பிரான்சுக்குள்தான், எல்லை தாண்டினால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும் என்பதையும் அவரே அட்டையின் பின்பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினார்.

காரணம் இதுதான். 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. 2022-ல் அந்தச் சட்டத்தை 2032 வரை நீட்டித்துவிட்டார்கள். ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் சேரும். சுவிட்சர்லாந்து சேராது. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு இந்தச் சட்டத்துக்குள் இல்லை. அந்த இரண்டு நாட்டுக்கும் போகிறீர்கள் என்றால், பேக்கின் பெயரில் 'ஐரோப்பா' என்று இருப்பதை நம்பாமல் நாடுகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் அப்பாவின் போன். அவர் ஊரிலிருந்தே இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டுக்கொண்டு வந்தார். கஸ்டமர் கேரில் கேட்டபோது "யூரோப் ஃபுல்லா ஒர்க் ஆகும் சார்" என்றார்கள். சுவிட்சர்லாந்தின் பாசலில் ஹோட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்று எல்லைக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியின் வைல் அம் ரைனில் ரூம் எடுத்திருந்தோம், அங்கிருந்து 8-ம் நம்பர் டிராமில் ஏறினால் நேராக பாசல்தான். ஜெர்மனியில்தான் படுத்திருந்தோம், ஆனால் ராத்திரி அப்பாவின் போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொண்டது. அவர் தூங்க, பகலில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் தானாக பேக்கப் ஆக, காலையில் பேலன்ஸ் காலி. அவர் போட்ட பேக்கில் சுவிட்சர்லாந்து இல்லவே இல்லை! போன் செய்து கேட்டதற்கு விதிமுறைகளில் எழுதியிருக்கிறதே என்றார்கள், பணம் திரும்பவில்லை. ஓய்வூதியத்தில் சேர்த்துவைத்துப் பயணம் வந்த மனிதரிடம் வாயால் ஒன்று சொல்லி எழுத்தில் வேறு வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எல்லையோர ஊரில் தங்கினால் செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க்கில் 'ஆட்டோமேட்டிக்' என்பதை அணைத்துவிட்டு, நீங்கள் இருக்கும் நாட்டு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். நான் அன்றைக்கே எல்லார் போனிலும் அதைச் செய்தேன், அதற்கப்புறம் தொந்தரவே இல்லை. சுவிஸ் எல்லையை ஒட்டிய ஜெனீவா, கோன்ஸ்டன்ஸ், கோமோ பக்கமும் இதே கதைதான். கப்பலிலும் விமானத்திலும் சேட்டிலைட் வழியாக வரும் நெட்வொர்க்குக்கு ஒன்றியச் சட்டத்தின் சலுகை கிடையாது, ஏறியதும் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள்.

சுவிட்சர்லாந்துக்கு மட்டும் என் போனில் தனியாக ஒரு இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம்) போட்டுக்கொண்டேன். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும், கடைக்கே போக வேண்டாம், ஆனால் நான் வாங்கியது டேட்டாவுக்கு மட்டும், அதற்கென்று போன் நம்பர் கிடையாது. சாவியை வாங்க வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும், ஸ்டேஷன் வைஃபைக்கு எஸ்எம்எஸ் கோட் வர வேண்டும் என்றால் நம்பர் உள்ள சிம்தான் கைகொடுக்கும். ஜெர்மனியில் சிம் வாங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2017 முதல் அங்கே ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். சூப்பர் மார்க்கெட்டில் சிம் கிடைக்கும்தான், வீடியோ அழைப்பிலோ தபால் நிலையத்திலோ பாஸ்போர்ட்டைக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் அது உயிர்பெறும். நாள் குறைவாக இருந்தால் வேறு நாட்டிலேயே வாங்கிவிடுங்கள்.

இந்திய சிம்மைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன்பே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்து, அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். பெரும்பாலும் எஸ்எம்எஸ் வருவதற்குக் காசு பிடிக்க மாட்டார்கள், ஆனால் பேக் இல்லாமல் யாராவது கூப்பிட்டு நீங்கள் எடுத்தால் பிடிப்பார்கள். சித்தி, மாமா எல்லாரிடமும் வாட்ஸ்அப்பில் மட்டும் கூப்பிடச் சொல்லிவிட்டோம். சிம் மாறினாலும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும், மாற்றட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சூரிக்கிலிருந்து வியன்னா ரயில் லீக்டன்ஸ்டைன் வழியாகத்தான் போகிறது. சின்ன நாடு, கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும், ஆனால் பாரிஸில் வாங்கிய சிம்முக்கு அங்கேயே சிக்னல் வந்துவிட்டது. ஆஸ்திரியா, ஹங்கேரி எங்கும் அதே சிம்தான், புடாபெஸ்டில் அம்மா டான்யூப் கரையிலிருந்து அத்தைக்கு வீடியோ கால் போட்டுப் பாலத்தையெல்லாம் காட்டினார்.

கூட வரும் பெரியவர்கள் போனில் 112-ஐ சேமித்துக் கொடுங்கள், நாங்கள் போன எல்லா நாட்டிலும் அவசர எண் அதுதான். ஜெர்மனியில் சிம் இல்லாத போனிலிருந்து 112 போகாது, அதனால் அவர்கள் போனிலும் ஏதாவது ஒரு சிம் இருக்கட்டும்.