வைப்போ கூட்ட அறையில் மக்கள் அமைப்புகளுக்கு நாற்காலி தேவையா?

கயல்விழி:
உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனம், அதாவது ஜெனீவாவில் இருக்கும் வைப்போ. பதிப்புரிமை, காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தங்கள் பேசப்படும் இடம். அதன் கூட்டங்களில் வாக்கு இல்லாத பார்வையாளராக உட்கார, விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை விண்ணப்பித்தது. 2020இல் சீனா எதிர்த்தது, 2021இலும் அதே கதை. தைவானில் விக்கிமீடியாவுக்குக் கிளை இருப்பது ஒரு காரணமாம். வைப்போவில் ஒருமித்த முடிவுதான் வழக்கம் என்பதால் ஒரே ஒரு நாடு மறுத்தால் போதும், கதவு திறக்காது. விக்கிப்பீடியாவின் ஒவ்வொரு பக்கமும் பதிப்புரிமைச் சட்டத்தோடு கட்டுண்டது. ஆனால் அந்தச் சட்டம் பேசப்படும் இடத்தில் அப்போது அதற்கு இடம் கிடைக்கவில்லை. திரைப்படத் தயாரிப்பாளர் கூட்டமைப்பும் இசைத்தட்டு நிறுவனங்களின் கூட்டமைப்பும் அதே 'அரசு சாரா அமைப்பு' என்ற பெயரில் வருடக்கணக்காக உள்ளே இருக்கின்றன. இது அநியாயம் என்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

பாலமுருகன்:
சீனா சொன்ன காரணம் எனக்கும் ஏற்பில்லைங்க. ஆனால் பேச்சை விக்கிமீடியாவோடு நிறுத்தாதீர்கள். ஒப்பந்தம் போடுவது அரசுகள். நம் பிரதிநிதி தப்பாகப் பேசினால் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம். அமைப்புக்காரர்களை யார் தேர்ந்தெடுத்தது?

நான் சின்னப் பதிப்பகம் நடத்துகிறேன். முந்நூறு பிரதி அச்சடிப்போம். புத்தகக் கண்காட்சி முடிவதற்குள் அதன் பிடிஎஃப் கைபேசிக் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். 'அறிவு எல்லோருக்கும்' என்று ஜெனீவாவில் பேசுகிறவர்கள், என் எழுத்தாளருக்கு ராயல்டி போகாததைப் பற்றி வாய் திறக்கிறார்களா? பன்னாட்டுப் பதிப்பாளர் சங்கமும் அங்கே இருக்கிறது, ஆனால் அது பெரிய பதிப்பகங்களின் குரல். கதவை அகலத் திறந்தால் விமான டிக்கெட் எடுக்க வசதி உள்ளவர்தான் உள்ளே போவார்.

கயல்விழி:
யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டீர்கள். பார்வையற்றோருக்குப் புத்தகம் கிடைக்க வழி செய்யும், வைப்போவின் மராகேஷ் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதற்கு முன்பு, ஸ்பெயினில் பார்வையற்றோருக்காகச் செய்த ஒலிநூலை அர்ஜென்டினாவுக்கு அனுப்பச் சட்டத்தில் வழி இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே மொழி. ஆனாலும் ஒரே புத்தகத்தை அங்கே ஒரு தடவை, இங்கே ஒரு தடவை புதிதாகத் தயாரிக்க வேண்டும். இதை மாற்ற ஒரு வரைவை எழுதியது எந்த அமைச்சகமும் இல்லை, உலகப் பார்வையற்றோர் ஒன்றியம். 2009இல் பிரேசில், ஈக்வடார், பராகுவே மூன்றும் அதைத் தங்கள் முன்மொழிவாக மேசையில் வைத்தன. 2013 ஜூன் 27 அன்று மொராக்கோவின் மராகேஷ் நகரில் நிறைவேறியது. முடிவெடுத்தது அரசுகளே. ஆனால் பிரச்சினை எங்கே இடறுகிறது என்று அந்த அதிகாரிகளுக்குச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

இளங்கோ:
நான் பார்வையற்றவன். திரையில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வழியாகத்தான் இந்த இழையை வாசிக்கிறேன். பாலமுருகன் அண்ணா, நீங்கள் சொல்லும் திருட்டு பிடிஎஃப் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படம். அதில் ஒரு எழுத்தைக்கூட என் கணினி வாசிக்காது. அதனால் எங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. நான் கேட்பது வேறு. ஒரு தமிழ் நாவலை இங்கே முறையாக, பார்வையற்றோருக்கான டெய்சி என்ற வடிவத்தில் ஒலிநூலாக்கினால், அதை இலங்கையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற என் போன்றவருக்குச் சட்டப்படி அனுப்ப முடிய வேண்டும். மராகேஷ் 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதை முதலில் ஏற்றது இந்தியா, 2014இல். இலங்கையும் சிங்கப்பூரும்கூட ஏற்றிருக்கின்றன. எங்கள் ஆட்கள் அந்த அறையில் இல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

பாலமுருகன்:
தம்பி, அதை நான் மனதார வரவேற்கிறேன். என் நூல்களின் கோப்புகளை ஒலிநூலாக்கக் கேட்டால் இன்றே தருகிறேன். ஆனால் பார்வையற்றவருக்குப் புத்தகம் வேண்டாம் என்று எந்த நாட்டுக்காரர் மைக்கில் சொல்வார்? அதனால்தான் அது வென்றது. அதிலும் திரைப்படங்கள் வெளியே போயின. காது கேளாதோருக்கு அந்த ஒப்பந்தத்தில் ஒன்றுமே இல்லை. திரைத்துறை ஆட்களும் அதே கூட்ட அறை வாசலில் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது. நூலகங்களுக்கும் கல்விக்கும் பதிப்புரிமையிலிருந்து விலக்குக் கேட்டு வைப்போவின் பதிப்புரிமைக் குழுவில் எத்தனை வருடமாகப் பேசுகிறார்கள்? ஒப்பந்தம் வந்ததா?

ஃபாத்திமா:
மருந்து விலைக்காக வேலை செய்கிற எனக்கு உங்கள் இருவர் மேலும் வருத்தம். வைப்போவிலாவது பின்வரிசை இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமையைக் கவனிக்கும், உலக வர்த்தக நிறுவனத்தின் டிரிப்ஸ் குழுவில் எங்களைப் போன்றவர்களுக்குக் கதவே இல்லை. கொரோனாவின்போது, 2020 அக்டோபரில், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காப்புரிமைகளை நிறுத்திவைக்கக் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக் காப்புரிமைக்கு மட்டுமான ஒரு சுருங்கிய முடிவு. மருந்தும் இல்லை, பரிசோதனைக் கருவியும் இல்லை. இடைப்பட்ட மாதங்களில் என்ன பேரம் நடந்தது என்பதைக் கசிந்த காகிதங்களை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அதனால் சொல்கிறேன், நாற்காலிக்காக உழைப்பதை விடத் தெருவில் உழைக்கலாம். ஆக்டா என்ற கள்ளப்பொருள் எதிர்ப்பு ஒப்பந்தத்தை ரகசியமாகவே பேசி முடித்தார்கள். 2012இல் போலந்து முதல் பல நாடுகளில் இளைஞர்கள் பனியில் இறங்கி நின்றார்கள். அந்த ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் 478க்கு 39 என்று தூக்கி எறிந்தது. யாருக்கும் பார்வையாளர் அட்டை தேவைப்படவில்லை.

கயல்விழி:
ஃபாத்திமா, ஆக்டாவைத் தடுத்தது தெருதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு விதியை வார்த்தை வார்த்தையாக எழுத வேண்டுமென்றால் உள்ளே ஆள் வேண்டும். அந்த அறை எப்படி நடக்கிறது தெரியுமா? நாடுகள் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அமைப்புகளின் முறை. ஆளுக்கு இரண்டு நிமிடம், நேரம் போதாவிட்டால் எழுத்தில் கொடுங்கள் என்பார்கள். பழங்குடியினரின் பரம்பரை அறிவைப் பற்றிப் பேசும் வைப்போவின் மரபறிவுக் குழுவில் பழங்குடிப் பிரதிநிதி ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னால், ஏதாவது ஒரு நாடு கைதூக்கி ஆதரித்தால்தான் அது வரைவில் நிற்கும். அந்த ஒரு நாட்டைத் தேடிப் பிடிப்பது காப்பி இடைவேளையில். வெளியே நிற்பவருக்கு அந்த இடைவேளை கிடைக்காது.

உள்ளே இருப்பவர்களையும் சிலர் சகித்துக்கொள்ளவில்லை. வைப்போவின் 2004 பதிப்புரிமைக் கூட்டத்தில், பொதுநல அமைப்புகள் மேசையில் வைத்த துண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காணாமல் போய்க் கழிவறைக் குப்பைத்தொட்டியில் கிடந்ததாக இணைய உரிமைக்காகப் போராடும் மின்னணு எல்லை அறக்கட்டளைக்காரர்கள் அப்போதே எழுதினார்கள். அந்தக் காகிதத்துக்குப் பலன் இல்லையென்றால் யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள்?

பாலமுருகன்:
பழங்குடியினரைச் சொன்னீர்கள். அவர்களை வரவழைக்க 2005இல் ஒரு தன்னார்வ நிதி தொடங்கினார்கள். நன்கொடை வற்றியபோது அவர்கள் வருவதும் குறைந்தது. 2024 மே மாதம் மரபணு வளங்களுக்கும் அவற்றைச் சார்ந்த மரபறிவுக்குமான ஒப்பந்தம் வந்துவிட்டது, நல்லது. ஆனால் வைப்போவின் வருமானத்தில் பெரும்பகுதி காப்புரிமை விண்ணப்பக் கட்டணம். பணக்கார நிறுவனம்தானே, அதில் ஒரு பங்கை ஒதுக்கி ஏழை அமைப்புகளையும் சிறுமொழிப் பதிப்பாளர்களையும் கூட்டி வரட்டும். கூடவே, யார் பணத்தில் வந்தோம் என்று ஒவ்வொரு அமைப்பும் எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை கதவைப் பற்றி நான் உற்சாகப்பட மாட்டேன்.

கயல்விழி:
அந்த இரண்டு நிபந்தனைக்கும் நான் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றாவதாக ஒன்று. பார்வையாளர் சேர்க்கைக்கு வாக்கெடுப்பு வையுங்கள். வைப்போ விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது, வழக்கத்தில்தான் இல்லை.

ஃபாத்திமா:
வைக்க மாட்டார்கள். இதில் ஒரு தடவை வாக்கெடுப்பு நடந்துவிட்டால், அடுத்து நூலக விலக்குக்கும் வாக்கெடுப்பு கேட்போம். அங்கே எண்ணிக்கை ஏழை நாடுகள் பக்கம். விக்கிமீடியாவை ஆதரித்துப் பேசிய பணக்கார நாடுகளே அந்த இடத்தில் பின்வாங்கும்.